உணவுச் சமத்துவத்துக்கான காணொளிப் பரப்புரை: நெடும்படமா, குறும்படத் தொடரா, மக்களே எடுக்கும் படமா?

உணவுச் சமத்துவத்துக்காக உழைக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம், ஓராண்டுப் பரப்புரைக்கென்று ஆவணப்பட நடையில் காணொளி தயாரிக்க முன்வரும்போது, கையிலுள்ள பணத்தைப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் செலவிட முடியும். அரைமணி நேர ஆவணப்படம் ஒன்றை எடுக்கலாம். இரண்டு மூன்று நிமிடம் ஓடும் ஆறேழு குறும்படங்களைத் தொடராக வெளியிடலாம். அல்லது யாருடைய பிரச்சினையைப் பேசுகிறோமோ அவர்களுக்கே பயிற்சி தந்து, கேமராவையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை, சத்துணவு, அங்கன்வாடி ஆகியவற்றைச் சுற்றி இயங்கும் ஓர் அமைப்பை மனத்தில் வைத்து இம்மூன்றையும் ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: முதன்முதலாகப் பரப்புரையில் இறங்கும் அமைப்புக்குக் குறும்படத் தொடரே ஏற்றது; ஆனால் அவற்றுள் ஒன்றிரண்டையாவது மக்களே எடுக்க வேண்டும், அனைத்தையும் அவர்களே முதலில் பார்த்து ஒப்ப வேண்டும்.

வடிவத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், இங்கே உணவுச் சமத்துவமின்மை எப்படிப்பட்ட தோற்றத்தில் இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியபோதும், தமிழ்நாடு அதை எல்லாருக்கும் உரிய திட்டமாகவே காத்துக்கொண்டது. அரிசி அட்டை வைத்திருப்போருக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தவை. ஆகவே இங்கே வெறுந்தட்டைக் காட்டும் படம் பெரும்பாலான இடங்களில் உண்மைக்குப் புறம்பான படமாகிவிடும். தட்டில் சோறு இருக்கிறது. பருப்பும் கீரையும் முட்டையும் பழமும் போதுமான அளவில் இல்லை. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இதற்கு அப்பால், அட்டையே கைக்கு வராதவர்களும், அட்டை இருந்தும் பொருள் வாங்கச் சிரமப்படுபவர்களும் இருக்கிறார்கள்: முகவரிச் சான்று இல்லாத இருளர் குடும்பங்கள், சொந்த ஊர் அட்டையோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்த பீகார், ஒடிசா தொழிலாளர்கள், தேய்ந்துபோன விரல்ரேகையைக் கடையின் பி.ஓ.எஸ். கருவி ஏற்காததால் மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பப்படும் முதியவர்கள். இவை எளிதில் படத்தில் சிக்காத குறைகள். ஒல்லியான குழந்தையின் அழுகையும் சோக வயலினும் இவற்றில் எதையும் விளக்குவதில்லை.

அடுத்த கேள்வி, யார் பார்க்கப் போகிறார்கள் என்பது. இப்படிப்பட்ட அமைப்புக்கு மூன்று வகைப் பார்வையாளர்கள் உண்டு. முதலாவது, நிதி தருபவர்கள்; 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பசி, வறுமை, ஊட்டச்சத்துக் குறைபாடு ஆகியவற்றை ஒழிப்பதே முதல் இனமாக இருப்பதால், பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நோக்கிப் பல அமைப்புகள் படம் எடுக்கின்றன. இரண்டாவது, மாவட்ட வழங்கல் அலுவலர், வட்ட வழங்கல் அலுவலர், ஊராட்சித் தலைவர் போன்று முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள். மூன்றாவது, தமக்கு உரியது இன்னதென்று தெரிந்தால் கேட்டு வாங்கக்கூடிய குடும்பங்கள். ஒரே படத்தால் இம்மூவரையும் அசைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான பரப்புரைகள் தடுமாறுகின்றன. ஆகையால் ஒவ்வொரு வழியையும் அது இவர்களில் யாரைச் சென்றடைகிறது என்ற அளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும்.

அரைமணி நேர ஆவணப்படத்துக்கு உள்ள பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு குறைபாட்டின் காரணங்களைப் படிப்படியாக விரிக்க, ஒரே குடும்பத்தை மழைக்காலத்திலும் கோடையிலும் பின்தொடர, அதிகாரி தரப்பு விளக்கத்தையும் முழுமையாக வைக்க அதில் இடம் உண்டு. 1968 மே மாதம் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி தன் நாட்டுக்குள்ளே நிலவிய பசியைப் பற்றி ஒரு மணி நேர ஆவணப்படத்தை ஒளிபரப்பியது; சான் அந்தோனியோ நகரின் மெக்சிகோ வம்சாவளியினர், வர்ஜீனியாவின் குத்தகை விவசாயிகள், நவஹோ பழங்குடியினர், அலபாமாவில் விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்ட கறுப்பின உழவர்கள் ஆகியோரின் நிலையை அது காட்டியது. மதிய உணவுக்குப் பணமில்லாமல் மற்ற பிள்ளைகள் உண்பதைப் பார்த்து நிற்பதற்கு வெட்கமாக இருந்தது என்று ஒரு சிறுவன் அதில் சொன்ன சொல் தன்னை உலுக்கியதாக செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஊட்டச்சத்துக்கான செனட் தேர்வுக் குழு அவர் தலைமையில் அமைந்தது. நெடும்படம் சட்டம் இயற்றுவோரை அசைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் அதே படத்தின் தொடக்கக் காட்சியில், பசியால் இறந்துகொண்டிருப்பதாகச் சொல்லிக் காட்டப்பட்ட பச்சிளங்குழந்தை உண்மையில் குறைமாதத்தில் பிறந்தது என்பது பின்னர் வெளிவந்தது. வேளாண் துறையும் சான் அந்தோனியோவின் நாடாளுமன்ற உறுப்பினரும் படத்தைக் கடுமையாகத் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஒரு காட்சி அவர்கள் கையில் கிடைத்த ஆயுதமாயிற்று. அந்தப் படத்தில் சரியாகச் சொல்லப்பட்டவை எவ்வளவோ இருந்தும், விவாதத்தின் ஒரு பகுதி அந்தக் குழந்தையைச் சுற்றியே நின்றது. ஒரு பெரிய ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அத்தகைய தாக்குதலைத் தாங்கும் வலு இருந்தது. வட்ட அலுவலகத்தில் நாளை மீண்டும் மனுவோடு போய் நிற்க வேண்டிய ஒரு சிறு அமைப்புக்கு அந்த வலு இல்லை. முப்பது நிமிடப் படத்தில் ஒரு வாக்கியம் பிழையானாலும் முழுப் படமும் சந்தேகத்துக்குள்ளாகிறது. திருத்தி மறுபடி வெளியிடுவதும் எளிதன்று.

நெடும்படத்தின் இன்னொரு சுமை பலர் கணக்கிடாதது. படப்பிடிப்பு நாட்களைப் போல இரண்டு மூன்று மடங்கு நாட்கள் தொகுப்பறையில் போகும். பதிவான பேச்சை எல்லாம் எழுத்தில் வடித்து, நேரக்குறிப்பிட்டு, எந்த வாக்கியம் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்குள் அமைப்பின் களப்பணியாளர் ஒருவரின் முழு உழைப்பும் அதிலேயே கரைந்துவிடும். படம் முடிந்தபின் திரையிட அரங்கம், விழாக்களுக்கு விண்ணப்பம், பயணம் என்று செலவு தொடரும். வெளியீட்டு நாளன்று நகரத்து அரங்கில் கூடுபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உடன்பட்டவர்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் அந்த அரங்கில் இருப்பதில்லை. பத்தாண்டு களஅனுபவமும், சேர்த்து வைத்த ஆதாரங்களும், சட்டப்பேரவையிலோ நீதிமன்றத்திலோ முன்வைக்கத் தெளிவான ஒரு கோரிக்கையும் உள்ள அமைப்புக்கு இந்தச் செலவு தகும். மற்றவர்களுக்கு இது உரிய காலம் வருமுன் எழும் ஆசை.

குறும்படத் தொடரின் முதல் நன்மை, ஒவ்வொரு படத்தையும் ஒரு பார்வையாளருக்கென்றே எடுக்க முடிவது. இது ஏன் முக்கியம் என்பதை 2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு நன்கு காட்டுகிறது. பங்கேற்பாளர்கள் கையில் 5 டாலர் கொடுத்து, அதிலிருந்து பட்டினித் துயர் துடைக்க நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள்; இலட்சக்கணக்கானோர் பற்றிய புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர், சிறுமியின் கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டாலர். கதையோடு எண்களைச் சேர்த்தால் வலு கூடும் என்றுதான் நாம் நினைப்போம். நன்கொடையாளர் மனத்தில் நடப்பதோ நேர்மாறு. வழங்கல் அலுவலருக்கு எண்கள் இல்லாத கதை பயன்படாது. எத்தனை அட்டைகள், எந்தக் கடை, எந்த மாதம் என்று அவர் கேட்பார். நெடும்படம் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தாக வேண்டும். தொடர் அப்படியல்ல: நன்கொடையாளருக்கு ஒரு பாட்டியின் ஒரு நாள், அலுவலருக்கு ஒரே வட்டத்தில் விரல்ரேகை தவறிய அட்டைகளின் கணக்கு, குடும்பங்களுக்கு 1967 என்ற உதவி எண்ணை எப்போது அழைக்கலாம், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடம் எப்படி மனுக் கொடுக்கலாம் என்ற விளக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அந்த ஆய்வை நன்கொடை திரட்டும் உத்தியாக மட்டும் எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தனி முகத்தைக் காட்டினால் பணம் வரும் என்ற அறிவுதான், 1984 எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு மேலைநாட்டுத் தொலைக்காட்சிகளை எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களால் நிரப்பியது. அதன் எதிர்வினையாகவே ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இல் படங்களும் செய்திகளும் குறித்த நடத்தை நெறியை வகுத்துக்கொண்டன. இரக்கத்தைத் தூண்டும் படம் பார்ப்பவரைக் கொடையாளியாகவும் படத்திலிருப்பவரை இரந்து நிற்பவராகவும் வைத்துவிடுகிறது. உணவுச் சமத்துவம் பேசும் அமைப்பு கேட்பதோ உரிமையை. ஆகவே தனியொருவரின் கதையைச் சொல்லும்போதும், அவர் அட்டைக்காக எழுதிய மனு, கேட்ட கேள்வி, போய்வந்த அலுவலகம் ஆகியவையே காட்சியின் மையமாக வேண்டும். அவர் செயல்படுபவராகத் தெரிய வேண்டும்.

தொடரின் குறைகளும் சிறியவை அல்ல. இரண்டு நிமிடத்தில் காரணம் சொல்ல முடியாது; அறிகுறியைத்தான் காட்ட முடியும். பருப்பு ஏன் தட்டுக்கு வரவில்லை என்ற கேள்விக்குள் கூலி, சாகுபடி முறை, விலை, வீட்டுக்குள் யார் கடைசியாக உண்கிறார் என்ற வழக்கம் அனைத்தும் இருக்கின்றன. ஒரு குறும்படம் இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றவை விடுபடும். வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்ற நெருக்கடியில் ஐந்தாவது படம் முதல் படத்தின் நகலாகிவிடும் அபாயமும் உண்டு. தவிர, ரீல்ஸ் வேகத்துக்குப் பழகிய தொகுப்பாளர் ஒருவர் கிடைத்தால், பேசுபவர் மூச்சு விடும் இடத்தையெல்லாம் வெட்டிவிடுவார். மூத்தவர்கள் பேசும்போது அந்த இடைவெளியில்தான் பாதிப் பொருள் இருக்கிறது. இக்குறைகளுக்கு ஓரளவு மாற்று உண்டு: ஏழு படங்களையும் தனித்தனியே திட்டமிடாமல், ஒரே வட்டம், நான்கைந்து குடும்பங்கள், ஒரே கேள்வி என்று வரையறுத்துக்கொண்டு ஒரே மூச்சில் படமெடுத்து, பிறகு பிரித்துத் தொகுப்பது. அப்போது எடுத்து முடித்த பதிவுகள் பின்னொரு காலத்தில் நெடும்படத்துக்கும் உதவும்.

மூன்றாவது வழிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் தேசியத் திரைப்பட வாரியத்தின் கோலின் லோ மீனவர்களின் பேச்சைச் சிறு படங்களாக எடுத்தார். தீவை விட்டு மக்களை வேறிடத்தில் குடியேற்ற அரசு எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. பேசியவர்கள் பார்த்து ஒப்பிய பிறகே படங்கள் வெளியே போயின. அவற்றைப் பார்த்த மீன்வளத் துறை அமைச்சரின் பதிலும் படமாக்கப்பட்டுத் தீவுக்குத் திரும்பி வந்தது. தீவு காலியாகவில்லை, மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இந்தியாவில் 1984இல் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான அகமதாபாத்தின் சேவா அமைப்புப் பெண்கள் அமெரிக்கரான மார்த்தா ஸ்டூவர்ட்டிடம் வீடியோப் பயிற்சி பெற்றார்கள். அவர்களுள் காய்கறி விற்பவரும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். உணவோடு நேரடித் தொடர்புள்ள உதாரணம் தெலங்கானாவில் இருக்கிறது. பஸ்தாபூரை மையமாகக் கொண்டு சிறுதானியத்துக்கும் விதைக்கும் உழைக்கும் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் தாங்களே ஆவணப்படங்கள் எடுக்கிறார்கள். ஏற்றத்தாழ்வு தெரிய எடுக்கும் கோணத்தை நிலக்கிழாரின் நினைவாக 'பட்டேல் ஷாட்' என்றும், கண்ணுக்குக் கண் நேராக எடுப்பதைத் தங்கள் கூட்டத்தின் பெயரால் 'சங்கம் ஷாட்' என்றும் அவர்கள் அழைக்கிறார்கள். கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு விடையாகிவிடுவதை எந்தத் திரைப்படப் பள்ளியும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை.

இந்த வழியில் கிடைக்கும் நெருக்கத்தை வெளியிலிருந்து வரும் குழுவால் ஒருபோதும் பெற முடியாது. அண்டை வீட்டுப் பெண் மொபைலோடு அடுப்படிக்குள் வந்தால், அங்கே பேச்சு வழக்கம்போல் நடக்கும். நான்கு பேர் சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கும் விளக்கும் கொண்டு நுழைந்தால், வீட்டுக்காரர் நல்ல புடவை கட்டிக்கொண்டு, அரசாங்கம் எல்லாம் தருகிறது, குறை ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஆயினும் இதற்குக் காலம் தேவை. பயிற்சி சில வாரங்களில் முடிந்தாலும், எதைப் படமெடுப்பது என்ற முடிவு குழுவுக்குள் பழுக்கப் பல மாதங்கள் ஆகும். கூலி வேலைக்குப் போகும் பெண்களிடம் இந்த உழைப்பை இலவசமாக எதிர்பார்ப்பது அநீதி. அவர்கள் இழக்கும் நாட்கூலியைத் திட்டத்திலேயே முதல் செலவாக எழுத வேண்டும். கடைக்காரரையோ ஊராட்சித் தலைவரையோ விமர்சிக்கும் படத்தை எடுத்தவர் அதே ஊரில் தொடர்ந்து வாழ வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஆபத்தைச் சரியாகக் கணிக்கக்கூடியவர்கள் அவர்களே. 'இதை வெளியே காட்ட வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் அது தொகுப்பில் சேரக் கூடாது.

இசைவு பெறுதல் மூன்று வழிகளுக்கும் பொதுவானது என்றாலும், அதன் கனம் ஒன்றுபோல் இல்லை. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவைத் தந்த அளவுக்கு எளிதாகவே திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது; 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் இசைவு தேவை என்கிறது. குறும்படத் தொடரில் ஒருவர் மனம் மாறினால் அந்த ஒரு படத்தை நீக்கிவிடலாம். நெடும்படத்தில் மையக் குடும்பமே விலகினால் படமே இல்லை. அந்த நெருக்கடியில் அமைப்பு அவர்களை வற்புறுத்தத் தொடங்கிவிடும் என்பதே என் அச்சம். பள்ளிப் பிள்ளைகள் உண்ணும் காட்சியை முகம் தெரியாமல் கைகளையும் தட்டுகளையும் மட்டும் வைத்து எடுப்பதில் எதுவும் குறைந்துவிடாது. கையெழுத்துப் பெற்ற படிவம் மட்டும் போதாது. படம் எங்கே போகும், யூடியூபில் ஏறினால் உறவினர் முதல் முதலாளி வரை யாரும் பார்க்கலாம் என்பதை வேறொரு படத்தைப் போட்டுக் காட்டியே விளக்க வேண்டும்.

யார் தயாரிப்பது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பர நிறுவனம் அழகாக எடுக்கும், ஆனால் களத்தில் காத்திருக்காது. காட்சித் தொடர்பியல் மாணவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள், தேர்வு வந்தால் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் தனியாக இயங்கும் ஒரு ஒளிப்பதிவாளர், ஒரு ஒலிப்பதிவாளர், ஒரு தொகுப்பாளர் ஆகிய மூவரும் அமைப்பின் களப்பணியாளர் ஒருவரும் போதும். ஒலியில் மட்டும் சிக்கனம் கூடாது. ரேஷன் கடை வாசலில் எடை இயந்திரத்தின் சத்தமும் வரிசையின் பேச்சும் கலந்து ஒலிக்கும்போது, பேசுபவரின் சொல் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. பின்னணிக் குரலுக்குப் புகழ்பெற்ற நடிகரை நாடுவதும் வேண்டாத செலவு. திருவள்ளூர்ப் பேச்சும் கொங்குப் பேச்சும் அப்படியே ஒலிக்கட்டும், வெளியூராருக்குத் திரையின் அடியில் பெரிய எழுத்தில் வசன வரி இருந்தால் போதும்.

படங்கள் யாரிடம் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதில்தான் குறும்படத் தொடரின் பக்கம் என் தராசு கடைசியாகச் சாய்கிறது. 2006இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டம், உழவர்கள் நடித்த சிறு படங்களை உழவர்களுக்கே திரையிட்டுப் பெற்ற வெற்றிக்குப் படங்கள் மட்டும் காரணமல்ல; திரையிடும்போது ஊர்க்காரர் ஒருவர் நடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு, பேச வைத்ததும் காரணம். மூன்று நிமிடப் படத்தை அப்படி நிறுத்திப் பேசலாம். முப்பது நிமிடப் படத்தைக் கிராம சபையில் முழுதாகப் போடவே நேரம் கிடைக்காது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. இந்த நாட்களே ஓராண்டுப் பரப்புரைக்கு இயல்பான காலஅட்டவணை. படம் ஓடி முடிந்தவுடன் அதே இடத்தில் தீர்மானம் முன்மொழியலாம். அட்டை இல்லாதவர்களின் பட்டியலை ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றலாம். அலுவலர் வந்திருந்தால், ஃபோகோ தீவில் நடந்ததுபோல் அவர் பதிலையும் அவர் இசைவோடு பதிவுசெய்து அடுத்த சபையில் போட்டுக் காட்டலாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் முதல் மூன்று படங்களைத் திரையிட விரும்பும் அமைப்பு, ஏப்ரலில் வட்டத்தையும் குடும்பங்களையும் தேர்ந்து, மே, ஜூன் மாதங்களில் பெண்கள் குழுவுக்கு மொபைல் பயிற்சியையும் ஒளிப்பதிவாளரின் படப்பிடிப்பையும் சேர்த்தே நடத்தி, ஜூலையில் தொகுத்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதல் தொகுப்பை அந்தக் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்லும் மாற்றங்களைச் செய்யத் தொகுப்பாளருக்கு ஒரு மாதம் தர வேண்டும். அந்த மாதத்துக்கான ஊதியத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.